மூன்று முறை கேட்பவள்

எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகிற பெண்கள் ஊக்கு விஷயத்தில் உண்மை சொல்வதில்லை. இருபத்து மூன்று வருட சர்வீஸில் ஞானசௌந்தரி முதலில் கண்டுகொண்டது இதைத்தான். வேண்டுமென்று பொய் சொல்கிறார்கள் என்று அவள் ஒரு நாளும் சொல்ல மாட்டாள். தன் உடம்பில் எங்கெங்கே ஊக்கு குத்தியிருக்கிறது என்பது பாவம் அவர்களுக்கே தெரியாது. தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று, ஆத்திர அவசரத்துக்கு உதவுமென்று தாலிக்கொடியில் கொத்தாக நாலு, என்றைக்கோ நாடா அறுந்த பாவாடையில் ஒன்று. அந்தப் பெரிய காந்தத்துக்கு முன்னால் ஒன்று இருந்தாலும் வம்புதான்.

அதனால் அவள் மூன்று முறை கேட்பாள். வாசலில் ஒரு தடவை, உடை மாற்றுகிற அறையில் ஒரு தடவை, மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தடவை. வந்தவர் முகத்தைப் பார்த்துத் தெலுங்கிலோ ஹைதராபாத் உருதுவான தக்கனியிலோ தமிழிலோ கேட்பாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். முதல் தடவை "ஒண்ணும் இல்லை" என்பார்கள். இரண்டாம் தடவை கிண்ணத்தில் இரண்டு விழும். மூன்றாம் தடவை, "ஐயோ சிஸ்டர், இதை மறந்தே போயிட்டேன்" என்று இன்னொன்று வரும். "மொதல் பதில் மரியாதைக்கு. ரெண்டாவது பதில் பயத்துக்கு. மூணாவதுதான் நெசம்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வாள். தான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அதை மட்டும் விட்டுவிட்டாள்.

ஸ்கேன் சென்டர் பேகம்பேட்டில் இருந்தது. வீடு மல்காஜ்கிரி. அவளுடைய தாத்தா ரயில்வே வேலைக்கென்று வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்தவர். அதற்குப் பிறகு குடும்பத்தில் யாரும் திரும்பிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை, மற்ற ஆறு நாளும் எல்லாப் பாஷையும். அவள் பேசுகிற தமிழைக் கேட்டுவிட்டு ஊரிலிருந்து வந்தவர்கள், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். "இந்த ஊர்தான், கைக்கு?" என்று, 'ஏன்' என்பதைத் தக்கனியில் திருப்பிக் கேட்பாள். கேட்டவருக்கு அடுத்த கேள்வி மறந்துபோகும். முன்கோபக்காரி என்று சென்டரில் பெயர். நோயாளிகளிடம் கோபப்பட மாட்டாள் என்றும் ஒரு பெயர் உண்டு. இரண்டாவது பெயர் முக்கால்வாசிதான் உண்மை.

மார்பக ஸ்கேன் என்றால் டாக்டர் நஸ்ரின் அவளைத்தான் கூப்பிடுவார். நஸ்ரின் வாணியம்பாடிக்காரர், படம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டர், ஞானசௌந்தரியைவிடப் பத்து வயது சின்னவர். மற்ற ஸ்கேன் போல இதில் மல்லாந்து படுக்க முடியாது. குப்புறப் படுக்க வேண்டும். கட்டிலில் இரண்டு குழி இருக்கும், மார்பு அதில் தொங்கவேண்டும். அரை மணி நேரம் அசையக் கூடாது. முதலில் மருந்து இல்லாமல் ஒரு படம். பிறகு கை நரம்பில் மருந்தை ஏற்றிவிட்டு, நிமிஷத்துக்கொன்றாக ஐந்தாறு படம். மருந்து போன இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும். எவ்வளவு சீக்கிரம் வெளுக்கிறது, வெளுத்தது நிற்கிறதா வடிகிறதா என்பதைக் கம்ப்யூட்டர் ஒரு கோடாக வரைந்து காட்டும்.

அந்தக் கோட்டைப் புதியவர்களுக்கு விளக்க ஞானசௌந்தரி கல்யாணப் பந்தியைத் துணைக்கு இழுப்பாள். சாதுவான கட்டி, நிதானமாகச் சாப்பிடுகிற ஆள் மாதிரி. மருந்தை மெள்ள மெள்ள எடுத்துக்கொள்ளும், கோடு ஏறிக்கொண்டே போகும். பொல்லாத கட்டி, இலை போட்டதும் வாரி விழுங்கிவிட்டு எழுந்து போகிற ஆள். கோடு விருட்டென்று ஏறும், உடனே இறங்கும். "சந்தேகப்பட வேண்டியது ரெண்டாவது ஆளைத்தான். ஆனா வேகமாச் சாப்பிடுறவன் எல்லாம் திருடன் இல்ல. கடைசியில ஊசி போட்டுச் சதையை எடுத்துப் பாக்கிறதுதான் தீர்ப்பு" என்று நஸ்ரின் பின்னாலிருந்து திருத்துவார்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. மாதவிலக்கு வந்த ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் படம் எடுக்க வேண்டும். அந்த வாரத்தில்தான் மார்பு அடங்கியிருக்கும். மற்ற நாட்களில் நல்ல சதையே மருந்தைக் குடித்து வெள்ளை வெள்ளையாகத் தெரியும், எது கட்டி எது சதை என்று பிரிக்க முடியாமல் போகும். அதனால் புக் செய்ய போன் பண்ணும்போதே ரிசப்ஷனில் தேதி கேட்டு எழுதிவிடுவார்கள். நேரில் வந்ததும் ஞானசௌந்தரி ஒருமுறை சரிபார்ப்பாள்.

ஒரே ஒருமுறை. ஊக்குக்கு மூன்று தடவை கேட்கிறவள் தேதிக்கு ஒரு தடவைதான் கேட்டாள். எழுதிய தேதியில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று இருந்தாள்.

போன வருடம் தை மாதம், ஒரு புதன்கிழமை, சுமதி வந்தாள். நாற்பத்தொரு வயது, பெருந்துறைப் பக்கம். கணவன் கணேஷ்குமாருக்கு ஹைதராபாத்தில் சாஃப்ட்வேர் வேலை, வந்து ஆறு வருடம் ஆகிறது. வலது மார்பில் குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. மேமோகிராமில் சதை அடர்த்தியாக இருக்கிறது, ஒன்றும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்று வந்தது. அவளுடைய சித்திக்கு இந்த நோய் வந்திருந்தது. ஊசி போட்டு எடுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. ஒன்று பார்த்துவிடலாம், இரண்டு பக்கமும் தெரியும் என்று சர்ஜன் எழுதியிருந்தார்.

கணவனுக்கு ஆபீஸில் அன்றைக்கு ஏதோ தலைபோகிற வேலை. துணைக்கு மாமியார் கனகம் வந்திருந்தாள். அறுபத்தாறு வயது, ஓர் இடத்தில் சும்மா உட்காராத உடம்பு. ஞானசௌந்தரி தமிழ் பேசுகிறாள் என்று தெரிந்ததும் அவளுக்கு வாயெல்லாம் பல். கைப்பையைத் திறந்து, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகையை எடுத்து நீட்டினாள்.

"அல்வால்ல வீடு வாங்கியிருக்கோமுங்க. வெள்ளிக்கெழமை பால் காச்சறோம். நீங்க கண்டிப்பா வரோணும்."

"நாளன்னைக்கா? இவ்வளவு வேலைய வச்சுக்கிட்டு ஸ்கேனுக்கு வந்திருக்கீங்க. விசேஷம் முடிச்சிட்டு வந்திருக்கலாமேம்மா."

கனகம் குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கெல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சுங்க."

எதற்கு என்ன ஏற்பாடு என்று ஞானசௌந்தரி கேட்கவில்லை. தமிழ்ப் பேச்சும் மஞ்சள் பத்திரிகையும் சேர்ந்து அவளைக் கொஞ்சம் மயக்கிவிட்டன என்றுதான் சொல்ல வேண்டும். பத்திரிகையை மேஜை டிராயரில் வைத்துவிட்டு, சுமதியை உள்ளே கூட்டிப் போனாள்.

"பதிமூணாம் தேதின்னு எழுதியிருக்கு. சரிதானே?"

"ஆமாங்க."

"மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா? சுகர், பிரஷர்?"

"இல்லீங்க."

கதவருகில் கனகம் நின்றிருந்தாள். பதிமூன்றிலிருந்து எண்ணினால் இன்றைக்குப் பத்தாம் நாள். கச்சிதம். ஞானசௌந்தரி படிவத்தில் டிக் போட்டாள். பிறகு ஊக்குக்கு மூன்று தடவை கேட்டாள், ஆறு ஊக்குகளை வாங்கிக் கிண்ணத்தில் போட்டாள், சுமதியைக் குப்புறப் படுக்க வைத்தாள். நல்ல பெண். அரை மணி நேரத்தில் ஒரு இம்மி அசையவில்லை.

மருந்து போய் இரண்டாம் நிமிஷப் படம் வந்தபோது ஞானசௌந்தரியின் முகம் சுருங்கியது. இரண்டு மார்பிலும் வெள்ளை. ஓர் இடம் இரண்டு இடம் என்று இல்லை, மேலே கீழே பக்கவாட்டில் என்று எங்கு பார்த்தாலும் புள்ளியும் திட்டுமாக வெள்ளை. மருந்து சரியாகத்தான் போயிருந்தது. மெஷினிலும் கோளாறு இல்லை. படத்தை நஸ்ரினுக்கு அனுப்பிவிட்டு, சுமதிக்குக் கை கொடுத்து எழுப்பி உட்கார வைத்து, ஊக்குகளை எண்ணிக் கொடுத்தாள். சுமதி அவள் முகத்தையே பார்த்தாள். எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள். டாக்டர் சொல்வதற்கு முன்னால் டெக்னீஷியனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

"வெளியில உக்காந்து டீ குடிங்க. கையில ஊசி எடுத்த எடத்தை அப்புறம் பாக்கிறேன்" என்றாள் ஞானசௌந்தரி.

நஸ்ரின் திரைக்கு முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"வலது பக்கக் கட்டி அமைதியாத்தான் இருக்கு ஞானாக்கா. கோடு மெதுவா ஏறுது. ஆனா இந்தக் கூட்டத்தப் பாருங்க. இடது பக்கம் இந்த ரெண்டு எடம் கொஞ்சம் தடிப்பாத் தெரியுது. சும்மா விட முடியாது, ரெண்டுலயும் ஊசி போடணும்னு எழுதறேன். பத்தாம் நாள்தானே இது?"

"பத்தாம் நாள்தான்."

"பத்தாம் நாள்ல இவ்வளவு வராதே."

அந்த 'வராதே'யில்தான் ஞானசௌந்தரிக்கு டிராயரிலிருந்த பத்திரிகை ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். ஏற்பாடு பண்ணியாச்சு. அவளுடைய கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அவளுடைய பெரியம்மாவும் அம்மாவிடம் இதே வார்த்தையைத்தான் சொன்னாள், இதே தாழ்ந்த குரலில். அன்றைக்கு ஞானசௌந்தரி கையில் திணிக்கப்பட்டது ஓர் அட்டை மாத்திரை. கோயில், சர்ச், கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவாக இருந்தாலும் சரி, தேதி இடித்தால் மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை. மாத்திரை சாப்பிடுகிறாயா என்று அந்த நாட்களில் யாராவது கேட்டிருந்தால் அவளும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள். அதை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

"டாக்டர், ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டுடாதீங்க. பத்து நிமிஷம் குடுங்க."

"கைக்கு?" என்றார் நஸ்ரின். ஞானசௌந்தரியோடு வேலை பார்த்து அவருக்கும் அது தொற்றிக்கொண்டிருந்தது.

"தேதியை நான் ஒரு தடவைதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே போனாள்.

கையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி சுமதியை மட்டும் கூப்பிட்டாள். கனகமும் எழுந்தாள். "நீங்க டீ குடிங்கம்மா, ஆறிடும்" என்று உட்கார வைத்தாள். உடை மாற்றுகிற அறைக் கதவைச் சாத்திவிட்டு, சுமதியை ஸ்டூலில் உட்காரச் சொல்லி, தான் எதிரில் நின்றாள்.

"கடைசியா எப்ப வந்துச்சு?"

"பதிமூணாந்தேதிங்க."

"கடைசியா எப்ப வந்துச்சும்மா?"

சுமதி புறங்கையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள். "பதிமூணு... இல்லாட்டி பதினாலுங்க."

ஞானசௌந்தரி குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தாள். "இங்க யாரும் இல்ல. நானும் இந்த மாத்திரை சாப்பிட்டவதான். எப்ப வந்துச்சு?"

சுமதியின் கண் நிறைந்துவிட்டது. "போன மாசம் பதினேழுங்க. இந்தப் பதிமூணு, வந்திருக்க வேண்டிய தேதிங்க. பன்னெண்டு நாளா அத்தை வாங்கிக் குடுத்த மாத்திரை போட்டுட்டு இருக்கேன். அது மாத்திரைன்னே எனக்குத் தோணலீங்க."

"அப்ப கைக்குப் பொய் சொன்னீங்க? போன்லயே சொன்னாங்களே, அந்த ஒரு வாரத்துலதான் எடுக்கணும்னு."

"சொன்னாங்க. அதனாலதான் பொய் சொன்னேன்." பஞ்சை மறுபடி அழுத்திக்கொண்டாள். "விசேசத்துக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோணும்னு இருந்துச்சுங்க. ஊர்லயிருந்து அத்தனை பேரு வர்றாங்க. பால் பொங்கறப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாப்பாங்க. அப்ப மனசுல இது இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

ஞானசௌந்தரிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அக்கல் இருக்கா உனக்கு, புத்தி இருக்கா, தேவையில்லாம ரெண்டு எடத்துல ஊசி வாங்கிக்கப் பாத்தியே என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள். பாதிக் கோபம் தன்மேல்தான் என்பது அதற்குள் புரிந்துவிட்டது. வாசலில் மாமியாரை நிற்க வைத்துக்கொண்டு மாதவிலக்குத் தேதியைக் கேட்டால் எந்த மருமகள் உண்மை சொல்வாள்? இருபத்து மூன்று வருடமாக இது தெரியாதவளா அவள்?

"அழ நக்கோ" என்றாள், 'வேண்டாம்' தக்கனியில் வந்துவிட்டது. "படம் குழம்பிக் கெடக்கு, அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. விசேஷம் முடிஞ்சதும் மாத்திரையை நிறுத்துங்க. ரெண்டு மூணு நாள்ல வரும். வந்த எட்டாம் நாள் மறுபடி வாங்க. நான் டாக்டர்கிட்ட பேசுறேன்."

"அப்ப வெள்ளிக்கெழமை வரைக்கும் தெரியாதுங்களா?"

"ஹவ், ஆமா. தெரியாமத்தான் பால் காய்ச்சணும்."

சுமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறக்கும் முன் திரும்பி, "அத்தைகிட்டச் சொல்லாதீங்க" என்றாள்.

நஸ்ரின் சர்ஜனுக்கு போன் போட்டுப் பேசினார். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஓடிப்போகாது, சரியான நாளில் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு ஊசியைப் பற்றி யோசிக்கலாம் என்று அவரும் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஞானசௌந்தரி அல்வாலுக்குப் போனாள். அவளுடைய கணவர் ஸ்டான்லிக்கு அந்தப் பக்கம்தான் ராணுவ அலுவலகம் ஒன்றில் கிளார்க் வேலை. போகிற வழியில் ஸ்கூட்டரில் இறக்கிவிட்டார். "பேஷண்ட் வீட்டுக்கெல்லாம் நீ போக மாட்டியே" என்றார். "இந்த ஒரு வீட்டுக்கு" என்றாள். அதற்கு மேல் கேட்டால் என்ன கிடைக்கும் என்று தெரிந்த மனிதர், வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது மாடி. ஹோமப் புகையில் எல்லார் கண்ணும் கலங்கியிருந்தது, அதனால் சுமதியின் கண் தனியாகத் தெரியவில்லை. பட்டுப்புடவையில், புது அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தாள். பால் விளிம்புக்கு வந்து, ஒரு நொடி நின்று, பொங்கி வழிந்தது. சுற்றியிருந்த பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். சுமதி கூட்டத்தில் ஞானசௌந்தரியைத் தேடிப் பார்த்தாள். ஞானசௌந்தரி தலையை ஆட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கே தெரியாது.

கனகம் வாழையிலையில் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, உறவுக்காரியிடம் சொல்வது போலச் சொன்னாள். "நல்லவேளைக்கு அந்த மாத்திரை இருந்துச்சுங்க. இல்லாட்டி இவளை ஓரமா உக்கார வெச்சுப்போட்டு யாரு பால் காச்சறது, சொல்லுங்க?" ஞானசௌந்தரி தலை நிமிராமல் பொங்கலைச் சாப்பிட்டு முடித்தாள்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, எட்டாம் நாள். அன்றைக்கு ஞானசௌந்தரி ஊக்குக்கு மூன்று தடவை கேட்டாள், தேதிக்கும் மூன்று தடவை கேட்டாள், கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். மூன்றுக்கும் ஒரே பதில் வந்த பிறகுதான் படுக்க வைத்தாள்.

இரண்டாம் நிமிஷப் படம் வந்தது. போன தடவை இருந்த வெள்ளைக் கூட்டம் கலைந்து போயிருந்தது. எங்கும் இருட்டு, நல்ல சுத்தமான இருட்டு. வலது பக்கக் கட்டி மட்டும் உருண்டையாக, ஓரம் வழவழவென்று, மெதுவாக ஏறும் கோட்டோடு இருந்தது. ஊசி போட வேண்டும் என்று நஸ்ரின் சொன்ன இடது பக்க இடங்கள் இரண்டிலும் ஒன்றுமே இல்லை. ஞானசௌந்தரியின் வாயில் 'ஸ்தோத்திரம்' என்று பாதி வந்துவிட்டது.

மீதிப் பாதி வரவில்லை. இடது மார்பில், நன்றாக உள்ளே, நெஞ்சுச் சுவரை ஒட்டி ஒரு புள்ளி இருந்தது. கொத்தமல்லி விதை அளவு. அடுத்த நிமிஷப் படத்தில் அது மங்கியது. அதற்கடுத்ததில் இன்னும் மங்கியது. கோட்டை வரைந்து பார்த்தாள். விருட்டென்று ஏறி, உடனே இறங்கியிருந்தது.

பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதே இடத்தில் வெள்ளை, சுற்றிலும் வெள்ளை. அந்தக் கூட்டத்தில் இந்த விதையை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. போன தடவை ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்திருந்தால், ஊசி வேறு இரண்டு இடத்துக்குப் போயிருக்கும், இரண்டும் ஒன்றுமில்லை என்று வந்திருக்கும். எல்லாரும் சாமிக்கு நன்றி சொல்லிவிட்டு, ஒரு வருடம் நிம்மதியாக இருந்திருப்பார்கள். ஞானசௌந்தரி இரண்டு படத்தையும் நஸ்ரினுக்கு அனுப்பினாள். அந்தப் பெண்ணைத் தேவையில்லாத ஊசியிலிருந்து காப்பாற்றியதாகத்தான் இந்தப் பன்னிரண்டு நாளும் மனசுக்குள் கொஞ்சம் பெருமையாகத் திரிந்திருந்தாள்.

உள்ளே போய்க் கை கொடுத்து எழுப்பினாள். கிண்ணத்திலிருந்த ஊக்குகளை எண்ணிக் கொடுத்தாள். சுமதி முகத்தைப் பார்த்தாள்.

"இந்தத் தடவை நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியுதும்மா. டாக்டர் சொல்லுவாங்க" என்றாள் ஞானசௌந்தரி. எல்லாருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள், எல்லாருக்கும் சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் கையை விடவில்லை. உடை மாற்றுகிற அறை வரைக்கும் பிடித்துக்கொண்டே போனாள்.

இரண்டு பக்கமும் ஊசி போட்டு எடுத்தார்கள். வலது பக்கக் கட்டி சாது. இடது பக்க விதை சாது இல்லை. ஆனால் ஆறே மில்லிமீட்டர், அக்குளில் பரவியிருக்கவில்லை. சின்ன ஆபரேஷன், பிறகு சில வாரம் கதிர்வீச்சு, தினமும் இரவு ஒரு மாத்திரை. மார்பை எடுக்க வேண்டியிருக்கவில்லை. இத்தனை சீக்கிரம் அகப்படுவது அதிர்ஷ்டம் என்று சர்ஜன் சொன்னாராம்.

ஏப்ரலில் ஒரு நாள் கனகம் தனியாக ஸ்கேன் சென்டருக்கு வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். ஞானசௌந்தரிக்குச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். கனகம் உட்காரவில்லை.

"சுமதி எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க. நான் குடுத்த மாத்திரையாலதான் வந்துச்சுங்களா?"

ஞானசௌந்தரி எழுந்து அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இல்லம்மா. நான் டாக்டரைக் கேட்டாச்சு. ரெண்டு வாரம் சாப்பிட்ட மாத்திரையில கட்டி வராது. இது அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்திருக்கு. மாத்திரை அதை மறைச்சுது, அவ்வளவுதான்."

"மறைச்சுதா?"

"ஹவ். நீங்க சொல்லல, உங்க மருமக சொல்லல. நானும் சரியாக் கேக்கல. மூணு பேரும்தான்."

கனகம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பது வருசத்துக்கு முன்னாடியே நானும் அதைத்தான் முழுங்கினேன். எங்க மாமியா குடுத்தாங்க, நான் அவளுக்குக் குடுத்தேன். யாரும் கேட்டதில்லீங்க" என்றாள். ஞானசௌந்தரி டிபன் பாக்ஸைத் திறந்து, எலுமிச்சை சாதத்தில் பாதியை மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளினாள். கனகம் நக்கோ சொல்லவில்லை. அந்த வார்த்தை அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டாள்.

அந்த வாரமே நஸ்ரினிடம் சொல்லிப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தார்கள். தெலுங்கு, உருது, தமிழ், இங்கிலீஷ் நான்கிலும்: பூஜை, விரதம், கல்யாணம், பயணம் எதற்காகவாவது மாதவிலக்கைத் தள்ளிப்போடுகிற மாத்திரை சாப்பிட்டீர்களா? அந்த வரியைப் படித்ததும் பெண்கள் முதலில் பின்னால் திரும்பி, கூட வந்தவர்கள் யார் என்று பார்ப்பார்கள். அதனால் ஞானசௌந்தரி படிவத்தை வாசலில் கொடுக்க மாட்டாள். கதவைச் சாத்திவிட்டுத்தான் கொடுப்பாள்.

ஒரு வருடம் கழித்து, இந்தத் தை மாதம், சுமதி வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தாள். இந்தத் தடவை கணேஷ்குமாரும் வந்திருந்தான், கனகமும் வந்திருந்தாள். சுமதி உடம்பு தேறி, தலைமுடியைத் தோளளவுக்கு வெட்டிக்கொண்டு, பார்க்க நன்றாக இருந்தாள். ஹாலில் முட்டிவலிக்காரர்களும் முதுகுவலிக்காரர்களுமாகப் பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

ஞானசௌந்தரி படிவத்தோடும் கிண்ணத்தோடும் வந்து, "சுமதி, உள்ள வாங்க, கேக்க வேண்டியது இருக்கு" என்றாள்.

கனகம் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். கைப்பையைத் திறந்து, தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள் ஒன்றை எடுத்தாள். "உள்ள எதுக்குங்க? இங்கயே கேளுங்க. மாசாமாசம் நான்தான் கிழிச்சு வெக்கறேன்" என்று தாளைத் தூக்கிக் காட்டினாள். "பத்தொம்பதாந் தேதி. ராத்திரி ஒரு மாத்திரை, அது டாக்டரு குடுத்தது. வேற எந்த மாத்திரையும் இல்லீங்க. நடுவுல பொங்கல் வந்துச்சு, கொமாரபாளையத்துல ஒரு கல்யாணம் வந்துச்சு. ஒண்ணுக்கும் குடுக்கல."

ஹாலே திரும்பிப் பார்த்தது. கணேஷ்குமார் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். சுமதிக்குக் காது சிவந்துவிட்டது, ஆனால் சிரித்தாள். தமிழ் தெரியாத முட்டிவலிக்காரர் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம் என்ன விஷயம் என்று தெலுங்கில் விசாரித்தார்.

ஞானசௌந்தரி தேதியை எழுதிக்கொண்டு திரும்பினாள்.

"நில்லுங்க" என்றாள் கனகம். "இன்னும் ரெண்டு தடவை கேக்கோணுமில்ல?"

ஞானசௌந்தரி நின்றாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அந்தப் பத்துப் பதினைந்து ஆண்களுக்கும் நடுவில், கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி, இரண்டாம் தடவை கேட்டாள். கனகம் பதில் சொன்னாள். மூன்றாம் தடவையும் கேட்டாள். கனகம் அதே தேதியைச் சொல்லிவிட்டு, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.